பறவை இறங்காத மூலை

தோ பாயோ, ஏழாம் மாடி.
ஜூன் 14, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம்.

கூச்சிங் நகரில், ஆற்றுக்கு அக்கரையில், மனைவி மக்களோடும் லக்ஸா நூடுல்ஸ் கடையோடும் சிறப்புற வாழும் என் மைத்துனன் கிம் ஸ்வீக்கு, உன் அக்காள் கணவன் குவெக் பூன் டெக் எழுதிக்கொள்வது. நானும் உன் அக்காள் சியூ ஹூனும் இங்கே இருக்கவேண்டிய அளவுக்கு நலமாக இருக்கிறோம். என் முட்டி சொன்னபடி கேட்கிறது. அவளுடைய சர்க்கரைதான் யார் சொன்னாலும் கேட்பதில்லை. பெர்த்தில் இருக்கும் மகள் வாரத்துக்கு ஒருமுறை கைப்பேசித் திரையில் தோன்றி, நாங்கள் இளைத்துவிட்டோமா என்று பார்த்துவிட்டு மறைகிறாள். அங்கே உன் கடையில் கூட்டமும், உன் மனைவியின் முகத்தில் சிரிப்பும், உன் இரத்தத்தில் கொழுப்பும் முறையே கூடி, நிறைந்து, குறைந்து இருக்கும் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்து நாலு மாதம் ஆகிறது. புது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து படம் பார்க்க, நாலு பக்கமும் தலைக்கு மேலேயும் ஒலி வருகிற மாதிரி ஒரு பிளேயர் வாங்கவேண்டும், எதை வாங்கலாம், ஒரு வரியில் பதில் போடுங்கள் என்று கேட்டிருந்தாய். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவன் நான். ஒரு வரியில் பதில் சொல்வது எனக்குப் பழக்கம்தான். இந்தப் பேருந்து அங்கே போகுமா என்றால் போகும், போகாது, அவ்வளவுதான். ஆனால் நீ கேட்டது அப்படிப்பட்ட கேள்வி இல்லை. அந்த ஒரு வரியைத் தேடிக்கொண்டு நான் மூன்று பெட்டிகளையும் மூன்று மாதங்களையும் கடந்து வந்திருக்கிறேன். ஆகவே காப்பியை ஊற்றி வைத்துக்கொண்டு வாசி.

ஓய்வு பெற்ற பிறகு எங்கள் வீடு அமைதியாகிவிட்டது. ஒரே நாளில் இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, தொட்டித் தண்ணீர் வடிகிற மாதிரி. மகள் போனாள், அவளோடு ஒரு சத்தம் போயிற்று. லிஃப்ட்டை மாற்றினார்கள், அந்தக் கிறீச்சும் போயிற்று. இப்போது பேருந்துகள்கூட மின்சாரத்தில் ஓடுகின்றன, பூனை மாதிரி வந்து நிற்கின்றன. ஜன்னலுக்கு வெளியே மைனாக்கள் வாயைத் திறந்து மூடுவது தெரியும். காற்று வேறு பக்கம் அடிக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். சாப்பாட்டுக்குப் பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால், ஒரு குளத்துக்கு அடியில் கண்ணைத் திறந்து படுத்திருப்பதுபோல இருக்கும். மேலே வெளிச்சம் அசையும். யாரோ நடப்பார்கள். எதுவும் கேட்காது. துக்கம் என்று சொல்லமுடியாது, கிம் ஸ்வீ. ஆனால் அறுபத்தெட்டு வயதில், இனிமேல் இப்படித்தான் போலிருக்கிறது என்று ஒருவன் சும்மா உட்கார்ந்திருப்பது நல்லதில்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளில் கைக்கடிகாரத்துக்கு பேட்டரி போட, ஊருக்குள் இருக்கும் அந்தப் பழைய கடைத்தொகுதிக்குப் போனேன். மூன்றாம் மாடியில், பூட்டிக் கிடந்த தையல் கடைக்குப் பக்கத்தில் ஒரு கதவு திறந்திருந்தது. உள்ளே மழை பெய்துகொண்டிருந்தது. வெளியே நல்ல வெயில், இந்த அறைக்குள் மட்டும் மழை. முதலில் இலைமேல் விழுந்தது, பிறகு தகரத்தின்மேல், பிறகு என் தலைமேலேயே விழுந்தது. நான் சட்டையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு ஒரு அம்மாள் கல்லாவில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் தின்றுகொண்டிருந்தார். அவர் பெயர் ஜெசிந்தா தெசூசா, ஸ்பீக்கர் விற்கிற அந்தக் கடை அவருடையது. என்னைப் பார்த்து, "உட்காருங்க அங்கிள். எல்லாரும் முதல்ல சட்டையத்தான் தொட்டுப் பாப்பாங்க" என்றார். உட்கார்ந்தேன். கடிகாரத்துக்கு பேட்டரி போட மறந்தே போனேன், இன்றுவரை அது பத்து இருபதில் நிற்கிறது.

வீட்டுக்கு வந்து உன் அக்காளிடம் சொன்னேன். அவள், மழை வேண்டுமென்றால் நவம்பர் வரை பொறுத்திருக்கலாமே என்றாள். நான் பொறுக்கவில்லை. ஜெசிந்தாவிடம் ஸ்பீக்கர்களும் ஆம்ப்ளிஃபயரும் வாங்கி, அவர் அனுப்பிய ஆட்களைக் கொண்டு கூடத்தில் பொருத்தினேன். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு மூலைக்கும் ஒவ்வொன்று, தலைக்கு மேலே உத்தரத்தில் இரண்டு. பின்னால் இடது மூலையில் உன் அக்காளின் தையல் மெஷினும் மணி பிளாண்ட் தொட்டியும் இருப்பதால், அங்கே வைத்த ஸ்பீக்கருக்கு மட்டும் கொடி படர்ந்துவிட்டது. பிளேயரை நானே தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். முப்பத்தொரு வருடம் பேருந்து ஓட்டியவனுக்கு ஒரு பெட்டி தேர்ந்தெடுக்கத் தெரியாதா என்ன.

முதல் பெட்டியை ஒரு பேரங்காடியில் எடுத்தேன். அதன் அட்டையில், எல்லாத் திசையிலிருந்தும் ஒலி என்று ஏழு மொழியில் எழுதியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து கம்பி இணைத்துப் பூட்டி, ஜெசிந்தா கொடுத்த, மழைச் சத்தம் பதிந்த தட்டைப் போட்டேன். மழை தொலைக்காட்சிக்குள்ளேயே பெய்தது. தவளை தொலைக்காட்சிக்குள் கத்தியது, இடி தொலைக்காட்சிக்குள் இடித்தது, உத்தரத்தில் இருந்த இரண்டும் வேலைக்கு வராத அரசு ஊழியர் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தன. ஜெசிந்தாவைத் தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் பொறுமையாக விளக்கினார். தட்டுக்குள் ஒலி ஒரு கட்டாகக் கட்டி இருக்கிறதாம். எந்தச் சத்தம் எந்த மூலையில் இறங்கவேண்டும் என்று சீட்டு ஒட்டி இருக்கிறதாம். நல்ல பிளேயர் அந்தக் கட்டைப் பிரிக்காமல் ஆம்ப்ளிஃபயர் கையில் கொண்டுபோய்க் கொடுக்குமாம். என்னுடைய பெட்டி வழியிலேயே கட்டைப் பிரித்து, எல்லாவற்றையும் இரண்டே பையில் போட்டுத் திணித்துக் கொடுக்கிறதாம். எனக்கு உடனே புரிந்தது. பத்து நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கிய பயணிகளை முதல் நிறுத்தத்திலேயே இறக்கிவிட்டுக் காப்பி குடிக்கப் போகிற ஓட்டுநர் அது. அப்படி ஒருவனோடு எட்டு வருடம் ஒரே பணிமனையில் வேலை பார்த்திருக்கிறேன். பெட்டியைத் திருப்பிக் கொடுத்தேன்.

இரண்டாம் பெட்டி ஜெசிந்தாவே பொறுக்கிக் கொடுத்தது. அதைப் பூட்டியதும் எங்கள் கூடத்தில் காடு வந்துவிட்டது. அதை எப்படி உனக்கு எழுதுவது. பிற்பகல் இரண்டு மணி, திரையை இழுத்து விட்டிருக்கிறேன், ஏழாம் மாடியில் மரங்கள் நனைகின்றன. இடி இடித்தபோது முன்னோர் மாடத்தில் இருந்த உன் அப்பாவின் படம் நடுங்கி, மெல்லத் திரும்பி, சுவரைப் பார்த்துக்கொண்டது. இதற்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். உன் அக்காள் ஊதுவத்தி கொளுத்தி, படத்தை நேராக வைத்து, அடியில் ரப்பர் துண்டு கொடுத்துவிட்டாள். அடுத்த வீட்டு மலாய்க்கார அம்மாள் மக்சிக் ரொக்கையா, அவர் கணவர் ஹஜ்ஜுக்குப் போய் வந்ததிலிருந்து தினமும் இரண்டு வேளை துணி துவைக்கிறவர், மூன்று நாள் தொடர்ந்து ஓடிவந்து மூங்கில் கழியோடு ஈரத் துணிகளை உள்ளே இழுத்துப் போட்டார். நாலாம் நாள் வாசலில் வந்து நின்றார். கோபமாகத்தான் வந்தார், உள்ளே வந்து ஐந்து நிமிடம் உட்கார்ந்தார், மழை கேட்டார், கண்ணை மூடினார், அரை மணி நேரம் தூங்கினார். எழுந்து போகும்போது உன் அக்காளிடம், இனிமேல் துணி காயப்போடும் முன்னால் சுவரில் தட்டுவேன், மழை உங்களுடையதா ஆண்டவனுடையதா என்று சொல்லிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு போனார். அன்றுமுதல் அப்படியே நடக்கிறது.

இவ்வளவும் நல்லபடியாகத்தான் இருந்தது. வினை பறவையில் வந்தது.

அந்தத் தட்டில் மழை ஓய்ந்ததும் ஒரு பறவை கூவும். முன்னால் வலது பக்கம், உன் அப்பா படத்துக்குக் கொஞ்சம் மேலே ஒரு கிளையில் இருந்து சன்னமாக ஒரு குரல். பிறகு சிறகு அடித்துக் கிளம்பும். என் தலைக்கு மேலே வரும். முடி அசைகிற மாதிரி இருக்கும். அவ்வளவுதான். அங்கேயே காணாமல் போய்விடும். இடது பின் மூலைக்குப் போய்ச் சேரவேண்டிய பறவை போய்ச் சேராது. முதல் நாள் நான் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் நாள் திரும்பப் போட்டுக் கேட்டேன். பதினோராம் தடவையும் அது கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு அடியில் கரைந்து போயிற்று. கிளம்புகிற எதுவும் ஒரு இடத்தில் இறங்கவேண்டும். நான் ஓட்டிய பேருந்தில் ஏறிய ஒருத்தரும் பாதியில் காற்றோடு போனதில்லை.

உன் அக்காளைக் கேட்டேன். அவள் மொச்சை உரித்தபடி, பறவை நேராகத் தையல் மெஷின்மேல் வந்து இறங்கி, நாலு வார்த்தை பேசிவிட்டுப் போகிறதே என்றாள். நான் நம்பவில்லை. இது முடிந்தால்தான் நான் சாப்பிட வருவேன் என்பதற்காகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஆம்ப்ளிஃபயரில் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் தனித்தனியே சோதிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. உஸ்ஸென்று மூலைக்கு மூலை இரைச்சல் விடும். இடது மூலையிலிருந்தும் இரைச்சல் வந்தது. ஆக ஸ்பீக்கர் நல்லது, கம்பி நல்லது. மிச்சம் இருப்பது பிளேயர். பறவையைத் தின்பது பிளேயர்தான். விபத்து விசாரணையில் உட்காருகிற அதிகாரிகள்கூட இவ்வளவு சுத்தமாக ஒரு முடிவுக்கு வந்திருக்கமாட்டார்கள்.

ஜெசிந்தா அதைத் திருப்பி எடுத்துக்கொண்டு மூன்றாவதாக ஒன்று தந்தார். அதுவும் பறவையைத் தின்றது.

இதற்கிடையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். தினமும் மழை கேட்டுக் கேட்டு, நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிடுவேன். கனவில் என் பழைய பேருந்தை ஓட்டுவேன். சாலை கிடையாது, காடுதான். கண்ணாடித் துடைப்பான் போய் வரும். பயணிகள் இல்லை. ஆனால் கடைசி வரிசையில், இடது ஜன்னல் ஓரத்தில், யாரோ ஒருவர் இருக்கிறார் என்று தெரியும். பின்னால் பார்க்கும் கண்ணாடியில் நிழலாக மட்டும் தெரியும். அவர் இறங்குவதற்கு மணி அடித்துக்கொண்டே இருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை, நான் ஒவ்வொரு நிறுத்தமாகத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கிறேன். மணி அடிக்கிறார் என்று எப்படித் தெரியும் என்றால், சிவப்பு விளக்கு எரிகிறது. எழுந்திருக்கும்போது கை, ஸ்டியரிங் பிடித்த மாதிரியே மடங்கி இருக்கும். உன் அக்காள் எதிரே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். தேநீர் ஆறிப்போயிருக்கும்.

அப்படி எழுந்த ஒரு நாள், கோபத்தோடு மூன்றாம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். கடையில் ஒரு கணவனும் மனைவியும் புதிதாக ஒன்று வாங்க வந்திருந்தார்கள். பெட்டியைக் கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்கள் முன்னாலேயே, இது திருட்டுப் பெட்டி, இந்தக் கடையே இப்படித்தான், நுகர்வோர் சங்கத்துக்கு எழுதப்போகிறேன் என்று இரைந்தேன். பேருந்துக் குரல் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தப் பெண் கையில் இருந்ததை மெதுவாகக் கீழே வைத்தாள். இருவரும் போய்விட்டார்கள். ஜெசிந்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழையபடி பூட்டி வையுங்கள், நாளைக்குக் கடையைச் சாத்திவிட்டு நானே வந்து பார்க்கிறேன் என்றார்.

மறுநாள் நாலு மணிக்கு வந்தார். உன் அக்காள் பாண்டான் கேக் வைத்தாள். ஜெசிந்தா கருவிப் பை எதுவும் கொண்டுவரவில்லை. அது எனக்கு அப்போதே ஒரு மாதிரியாக இருந்தது. என் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு தடவை கேட்டார், தலையை ஆட்டினார். என்னை உட்காரச் சொல்லி இன்னொரு தடவை போட்டார். ஆனால் அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பறவை தலைக்கு மேலே வந்து கரைந்தது. பார்த்தீர்களா என்றேன். அவர் எழுந்து என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அங்கிள், பெட்டிய விட்ருங்க. நாற்காலிய அப்படியே பின்பக்கம் பாத்துத் திருப்பிப் போடுங்க."

திருப்பிப் போட்டேன். இப்போது தொலைக்காட்சி என் முதுகுக்குப் பின்னால், தையல் மெஷினும் மணி பிளாண்ட்டும் எனக்கு வலது முன்னால். மழை பெய்தது. ஓய்ந்தது. பறவை எப்போது கூவும் என்று காத்திருந்தேன், கூவவே இல்லை. சரி, இப்போது முழுசாகவே தின்றுவிட்டது என்று வாயைத் திறக்கப் போனேன். அப்போது தலைக்கு மேலே சிறகு. பிறகு, கிம் ஸ்வீ, அது இறங்கியது. தையல் மெஷின்மேல், கொடிக்குள், என் கண் முன்னால். இறகை உதறிக்கொண்டு கூவியது. மூன்று மாதமாக நான் தேடிய பறவை அங்கே உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துப் பேசுகிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அது எங்கேயிருந்து கிளம்பியது? கிளம்பிய இடம் இப்போது என் இடது பக்கத்தில் இருந்தது.

தட்டு முடிந்து திரை நீலமாகிவிட்டது. நான் மெதுவாக என் இடது காதைத் தொட்டேன், சட்டையைத் தொட்ட மாதிரி.

"உங்க பிளேயருக்கு ஒண்ணும் இல்ல அங்கிள்" என்றார் ஜெசிந்தா. "எங்க அப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. அவரு மூணு ரேடியோவ ஒடச்சாரு."

நான் உன் அக்காளைப் பார்த்தேன். அவள் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டே இருந்தாள், எட்டுத் துண்டு போடவேண்டியதைப் பதினாறாக்கிவிட்டாள். உனக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். எப்போதிலிருந்து என்றேன்.

"நாலு வருஷம். சொன்னேன் குவெக். நீதான், நான் வாய்க்குள்ளேயே முணுமுணுக்கிறேன்னு சண்டைக்கு வந்த. மறுபடி சொன்னா மறுபடி சண்டை. அதான் நான் இடம் மாறிக்கிட்டேன்."

அப்போதுதான் எனக்கு ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தது. சாப்பாட்டு மேசையில் மின்விசிறிக்கு நேரே இருந்த தன் இடத்தை விட்டு, அடுப்புச் சூடு அடிக்கிற நாற்காலிக்கு, என் வலது பக்கத்துக்கு அவள் மாறியது. நடந்து போகும்போது வெயில் பக்கம் ஆனாலும் வாகனப் பக்கம் ஆனாலும் வலது பக்கமே வருவது. கட்டிலில் இடம் மாற்றிப் படுத்தது. நான் அதையெல்லாம் வயசானால் வருகிற விசித்திரம் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை இதற்காக அவளைக் கேலிகூடச் செய்திருக்கிறேன், உன் பிள்ளைகள் முன்னால், சீனப் புத்தாண்டு அன்று. ஜெசிந்தா முன்னால் வேறு எதுவும் சொல்லத் தோன்றாமல், ஆனால் சில சமயம் நீ இடது பக்கம் வந்தும் நிற்கிறாயே, வாய் அசைவதைப் பார்த்திருக்கிறேனே என்று கேட்டேன்.

"பேசணும்னா வலது பக்கம் வருவேன். திட்டணும்னா இடது பக்கம்" என்றாள் உன் அக்காள். "எனக்கும் ஒரு ஆறுதல் வேணாமா?"

ஜெசிந்தா சிரித்த சிரிப்பில் மக்சிக் ரொக்கையா சுவரைத் தட்டினார். இது இடியா சிரிப்பா என்று தெரியவில்லையாம்.

அதற்குப் பிறகு பாலிகிளினிக் என்கிற அரசு மருத்துவமனைக்குப் போனோம். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்றார்கள். எனக்கு இந்த மாதிரிப் பரீட்சைகளில் தோற்றுப் பழக்கமில்லை. ஓட்டுநர் உரிமம் முதல் தடவையிலேயே எடுத்தவன். ஆகவே தாமதிக்காமல் அழுத்தினேன், பதினாலு தடவை அழுத்தினேன். காது பரிசோதிக்கும் அம்மாள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, அங்கிள், நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்றார். ஆரம்பித்த பிறகு நிறைய நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். பழைய பேருந்துகளில் எஞ்சின் பெட்டி முன்னால்தான், ஓட்டுநருக்கு இடது பக்கம், முழங்கைக்கு அருகில் இரைந்துகொண்டிருக்கும். பையில் கட்டிய காப்பியை அதன்மேல் வைத்தால் கடைசி நிறுத்தம் வரை சூடு ஆறாது. அந்தச் சூட்டைப் பற்றி நான் ஆசையாகச் சொல்லிக்கொண்டே போனேன். அவர் எழுதிக்கொண்டே போனார். கனமான சத்தம் கேட்கிறதாம், இடி கேட்கிறதாம், இரைச்சல் கேட்கிறதாம். மெல்லிசான சத்தங்கள்தான் அந்தப் பக்கம் போய்விட்டன. பறவை, பூச்சி, கரண்டி, தூரத்தில் கூப்பிடுகிற பெண்கள்.

காதில் கருவி மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அடுத்த நாள் நேராக ஜெசிந்தாவின் கடைக்குப் போய், வாடிக்கையாளர்கள் நாலு பேர் இருக்கும் நேரம் பார்த்து, அதே பேருந்துக் குரலில், இந்தக் கடைப் பெட்டி நல்ல பெட்டி, என் காதுதான் கெட்ட காது என்று சொன்னேன். நாலு பேரில் இரண்டு பேர் பயந்து போய்விட்டார்கள். ஜெசிந்தா என்னை உட்காரவைத்து வெள்ளரிக்காய் கொடுத்து, தயவுசெய்து இனிமேல் என் கடைக்காக எதுவும் பேசாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். கட்டைப் பிரிக்காமல் கொடுக்கிற பெட்டியை வாங்கு. அட்டையில் எழுதியிருப்பதை நம்பாதே. கடைக்காரரிடம், இது ஒலியை அப்படியே ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புமா, இல்லை தானே பிரித்து இரண்டு பையில் போடுமா என்று முகத்துக்கு நேராகக் கேள். மழுப்பினால் வெளியே வந்துவிடு. உன் ஆம்ப்ளிஃபயர் எந்த வருடத்துச் சரக்கு என்பதையும் எழுதிக்கொண்டு போ. பெட்டி புதுசாகவும் அது பழசாகவும் இருந்தால் ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது, மாமியார் மருமகள் கதைதான். பெட்டிக்குள் விசிறி இருந்தால் அதன் சத்தத்தையும் கேட்டுப் பார், மழைக்கு நடுவே அது கொசு மாதிரி பாடும். தலைக்கு மேலே வைப்பதற்கு ஓட்டை போடும் முன் வீட்டுக்காரியைக் கேள். எல்லாம் முடிந்ததும், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லிவிட்டு, நாற்காலியைத் திருப்பிப் போட்டும் கேட்கச் சொல். உன்னையும் சேர்த்துத்தான். உன் கடை அடுப்பு முப்பது வருடமாக எந்தப் பக்கம் இரைகிறது என்று யோசித்துப் பார். என்னைக் கேட்டால், என்னிடம் இருக்கும் இந்த மூன்றாம் பெட்டிதான் நல்லது. அதையே வாங்கு. இதைவிடச் சிறந்த முதலீடு ஒரு ஓய்வுபெற்ற மனிதனுக்கு இல்லை. தினமும் இரண்டு மணிக்கு மழையில் உட்கார்ந்தால் மனசு கழுவிவிட்ட பேருந்து மாதிரி ஆகிவிடுகிறது. நான் இப்போதெல்லாம் ஒரு நாள் முன்பக்கம் பார்த்து உட்காருகிறேன், ஒரு நாள் பின்பக்கம் பார்த்து. ஒரு நாள் பறவை கிளம்புகிறது, ஒரு நாள் இறங்குகிறது. இரண்டையும் மனசுக்குள் ஒட்டவைத்துக்கொள்கிறேன். கருவியெல்லாம் எதற்கு, இதுவே போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பைச் சொல். கடைக்கு வருகிற நம் ஊர்க்காரர்கள் யாராவது கேட்டால், குவெக் நன்றாக இருக்கிறான், முன்னைவிடச் சத்தமாகப் பேசுகிறான் என்று சொல். உன் அடுப்பு அணையாமலும், உன் கூரை ஒழுகாமலும், மழை ஒலியாக மட்டுமே உன் கூடத்துக்குள் வரவும் மூத்தவன் என்ற முறையில் வாழ்த்துகிறேன்.

உன் அக்காள் கணவன்,
குவெக் பூன் டெக்

பின்குறிப்பு: மேலே எழுதிய எதையும் செய்யாதே. கடிதத்தை ஒட்டாமல் மேசையில் வைத்திருந்தேன். உன் அக்காள் அதை வாசித்துவிட்டு செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டேன். போன வியாழக்கிழமை கருவி மாட்டிவிட்டார்கள், ஒரு மொச்சைக்கொட்டை அளவுதான் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பறவையைப் போடட்டுமா என்று உன் அக்காள் கேட்டாள். இரு என்றேன். மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை நாக்கைத் தட்டுகிறது. சுவரில் பல்லி இருக்கிறது, அது பேசுகிறது. மக்சிக் ரொக்கையா உரலில் மிளகாய் இடிக்கிறார், நடுநடுவே தனக்குத்தானே ஏதோ பாடுகிறார், சுருதி சுத்தமாக இல்லை. மைனாக்கள் வாயைத் திறந்து மூடுவது மட்டும் இல்லை, அவை ஒன்றையொன்று வாய்க்கு வந்தபடி பேசுகின்றன. இரண்டு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் தூங்கிவிட்டேன் என்று நினைத்து உன் அக்காள் பக்கத்தில் வந்து நின்றாள், இடது பக்கம். எனக்குக் கேட்காது என்கிற பழைய நினைப்பில் மெல்லிய குரலில் ஏதோ சொன்னாள். முழுவதும் கேட்டது. அது திட்டு இல்லை. என்ன சொன்னாள் என்பதை அவளுடைய தம்பிக்கு எழுதமுடியாது. ஆகவே நீ எந்தப் பெட்டியையும் தேர்ந்தெடுக்க வேண்டாம். எங்களுடையதைக் கம்பி, ஸ்பீக்கர், உத்தரத்து ஆணிகள் உட்பட எல்லாவற்றையும் கட்டிக் கப்பலில் அனுப்பிவிட்டேன். வந்து சேர்ந்தால் பூட்டிக்கொள், பூட்டத் தெரியாவிட்டால் ஜெசிந்தாவைக் கேள். என்னைக் கேட்காதே. எனக்கு நேரமில்லை, உன் அக்காள் பேசிக்கொண்டிருக்கிறாள்.